பாகற்காய்ச் செடி

என் அம்மா அந்தச் செடியைப் பாகற்காய்ச் செடி என்றுதான் சொல்வார். அது கொடியில்லை, காய்க்காது, கறிக்கும் ஆகாது, கசாயத்துக்கும் ஆகாது. போதாக்குறைக்கு, பாகற்காய்த் தோல் மாதிரி மேடுபள்ளம் இருக்க வேண்டிய இலையில் முதல் இரண்டு வருடம் அப்படி ஒன்றுமே இல்லை. கைப்பேசியில் நான் காட்டிய படத்தைப் பார்த்து அவர் வைத்த பெயர் அது. “எங்கடா உன் பாகற்காய், இன்னும் வழவழன்னே இருக்கு?” என்று வாரத்துக்கு ஒருமுறை கேட்பார். நானும் வாரத்துக்கு ஒரு சமாதானம் சொல்வேன்.

செடியின் பெயர் பெகோனியா ஃபெராக்ஸ். தெற்குச் சீனாவின் குவாங்ஸியில், வியட்னாம் எல்லையோரம் இருக்கும் சுண்ணாம்புப் பாறைக் காடுகளின் நிழலில் வளர்வது. உலகத்தில் பெகோனியா இனங்கள் 2,000க்கு மேல் இருக்கின்றன. இதற்கு அறிவியல் பெயர் வைத்ததே 2013இல்தான். ஃபெராக்ஸ் என்றால் லத்தீனில் மூர்க்கமானது என்று பொருள். முதிர்ந்த இலையைப் பார்த்தால் அந்தப் பெயர் புரியும். கரும்பச்சை இலை, அதன்மேல் கூம்பு கூம்பாகக் கறுத்த புடைப்புகள், அவற்றின் உச்சியில் செம்பழுப்பு மயிர். பெரும்பாலான பெகோனியாக்களைப் போல இதற்கும் இலை ஒரு பக்கம் பெருத்து, மறுபக்கம் சிறுத்துக் கோணலாக இருக்கும். பலாப்பழத் தோலைச் சின்னதாக்கி இலையில் ஒட்டியது மாதிரி என்று நான் சொல்லிப் பார்த்தேன். அம்மா பாகற்காயை விட்டு இறங்கவில்லை.

வாங்கியது மூன்று வருடத்துக்கு முன்னால். சிங்கப்பூரில், ஈசூன் எம்ஆர்டி ரயில் நிலையத்தில், டிக்கெட் வாசலுக்கு வெளியே. இந்த ஊரில் பாதிச் செடி வியாபாரம் அங்கேதான் நடக்கிறது. விற்பவர் வெளியே வரக்கூட மாட்டார், வேலிக்கு மேலே கையை நீட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த ரயிலுக்கு ஓடிவிடுவார். எனக்கு விற்ற பையன் கொஞ்சம் நல்லவன், வெளியே வந்தான். தப்பாவ் டப்பாவுக்குள், அதாவது சாப்பாடு பார்சல் கட்டும் டப்பாவுக்குள், ஈரப் பாசி, பாசிக்கு மேல் மூன்று இலை. விலை 45 வெள்ளி, சிங்கப்பூர் டாலர்தான். “ஹ்யூமிடிட்டி மட்டும் பாத்துக்குங்க அங்கிள், எண்பதுக்குக் கீழ விட்டா போச்சு” என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

“45 வெள்ளிக்குத் தேக்காவுல ஆட்டுக்கறி வாங்கியிருந்தா நாலு பேரு சாப்பிட்டிருப்போம்” என்றார் அம்மா.

அம்மாவுக்கும் செடிகள் உண்டு. எங்கள் புளோக்கின் காரிடாரில், சுவரோரம், தீயணைப்புப் படைக்காரர்கள் கேட்கும் 1.2 மீட்டர் வழியை விட்டுவிட்டு, வரிசையாக அவருடைய தொட்டிகள்: கறிவேப்பிலை இரண்டு, துளசி, மருதாணி, ஜன்னல் கம்பியில் ஏறிய வெற்றிலை. அக்கம்பக்கத்தில் யார் வீட்டில் தாளித்தாலும் எங்கள் கறிவேப்பிலையில் ஒரு கொத்து குறையும். அம்மாவின் கணக்கில் செடி என்றால் வீட்டுக்கு எதையாவது கொடுக்க வேண்டும். என் செடி எதையும் கொடுக்காது. இலையைப் பார்க்கலாம், அவ்வளவுதான். அந்த இலையும் அப்போது பார்க்கும்படி இல்லை.

நான் ஏசி வேலை செய்கிறவன். 22 வருடமாக மற்றவர்கள் வீட்டுச் சுவரில் ஏணி போட்டு ஏறி இறங்குகிறேன். காற்று, ஈரம், சூடு, இந்த மூன்றும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. அதனால் எண்பது விழுக்காடு என்று அந்தப் பையன் சொன்னதும் எனக்குப் பயம் வரவில்லை, கொஞ்சம் திமிர்தான் வந்தது. வீட்டுக்கு வந்து, துணி வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் காலி செய்தேன். அடியில் நனைத்த பாசி, நடுவில் தொட்டி, மேலே இறுக்கமான மூடி. மூடிக்கு மேலேயே ஒரு எல்இடி குழல்விளக்கு. உள்ளே ஒரு ஈரப்பத மீட்டர். மீட்டர் 99 காட்டியது. எண்பது கேட்ட இடத்தில் தொண்ணூற்றொன்பது கொடுத்துவிட்ட பெருமையில் அன்று நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாம் வாரம் நடுத்தண்டு கண்ணாடி மாதிரி ஆனது. இந்த வகைப் பெகோனியாவுக்குத் தண்டு நிமிர்ந்து நிற்காது, இஞ்சிபோலத் தரையோடு ஊரும். அந்தத் தண்டு ஒரு பக்கமாக நிறம் வெளுத்து, தொட்டால் விரலில் ஒட்டியது. மறுநாள் இரண்டு இலைகள் காம்போடு சாய்ந்தன. செடிக்காரர்கள் இதை ‘மெல்ட்’ என்கிறார்கள். உருகுவதேதான், வேறு சொல் தேவையில்லை. அப்போதுதான் மீட்டரின் அடியில் சின்ன எழுத்தில் இருந்த இன்னொரு எண்ணைப் பார்த்தேன். 35 டிகிரி.

ஒரு வாடிக்கையாளர் வீட்டில் இப்படி ஒரு பெட்டியை நான் பார்த்திருந்தால், உள்ளே நுழைந்த நிமிடத்திலேயே சொல்லியிருப்பேன்: காற்று நிற்கிறது, விளக்குச் சூடு வெளியேற வழியில்லை, அடியில் தண்ணீர். அங்கே எந்த வேரும் மூச்சு விட முடியாது. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறையும். வேருக்கோ சூட்டில் மூச்சு அதிகம் வேண்டும். மேலே காற்று நூறு விழுக்காடு ஈரமாக நின்றால் இலையிலிருந்து நீராவி போகாது, வேர் தண்ணீரை உறிஞ்சவும் உறிஞ்சாது, தொட்டியும் காயாது. அழுகலுக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம். தெரிந்தும் செய்தேன். காரணம், வாங்குவதற்கு முன்னால் இரண்டு வாரம் இணையத்தில் இருந்ததை எல்லாம் விழுந்து விழுந்து படித்திருந்தேன்.

படித்ததை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. தொட்டிக்கு அடியில் கூழாங்கல் தட்டு வைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். தினமும் இலைமேல் தெளியுங்கள். குளியலறையில் வையுங்கள். குளிர்காலத்தில் ரேடியேட்டர் பக்கம் வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு ரேடியேட்டர்தான், அது என் வேனின் முன்பக்கம் இருக்கிறது.

அந்த அறிவுரைகள் பொய்யில்லை. எழுதியவர்கள் இருக்கும் ஊர் அப்படி. வெளியே பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கும் காற்றை வீட்டுக்குள் விட்டு 20 டிகிரிக்குச் சூடாக்கினால், அது வெளியே எவ்வளவு ஈரமாக இருந்தாலும் உள்ளே 30 விழுக்காட்டுக்குக் கீழே போய்விடும். அந்த வீட்டில் இருப்பவர் எண்பதுக்கு ஏங்குவது நியாயம்தான். நம் ஊரில் விடியற்காலையில் ஈரப்பதம் 90க்கு மேல். வெயில் ஏறிய மத்தியானத்தில் இறங்கினால் 60 வாக்கில். வருடச் சராசரி எண்பதைத் தாண்டும். எண்பது நமக்கு வாசலிலேயே வந்து நிற்கிறது. இங்கே கிடைக்காதது குளிர்ச்சி. நான் இல்லாததைத் தேடாமல், இருப்பதையே மேலும் மேலும் கொட்டியிருக்கிறேன்.

இதில் என்னை உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. கொப்புள இலைப் பெகோனியாக்களில் உலகம் முழுக்கப் பேர் பெற்றது மாசோனியானா. சொரசொரப்பான பச்சை இலை, நடுவில் பழுப்பாக ஒரு சிலுவை. ‘இரும்புச் சிலுவை’ என்ற பட்டப்பெயரில் விற்பார்கள். அதை 1952இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவர் மோரிஸ் மேசன், நார்ஃபோக் பக்கத்து விவசாயி, செடி சேர்ப்பதில் பைத்தியம். அவர் அதை எடுத்துப் போனது எங்கிருந்து தெரியுமா? நம் பூமலையிலிருந்து, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவிலிருந்து. அதன் சொந்த ஊர் எது என்று அப்போது சரியாகத் தெரிந்திருக்கவில்லை. அவர் பெயரையே வைத்து 1971இல்தான் முறைப்படி பதிவானது. அதுவும் குவாங்ஸி, வட வியட்னாம் பக்கத்துச் செடி என்பது பிறகு தெளிவானது. அதற்கும் வெகு முன்னால், 1894இல், பூமலையின் அப்போதைய இயக்குநர் ஹென்றி ரிட்லி ஒரு மலாயாச் செடிக்குப் பெகோனியா ராஜா என்று பெயர் வைத்திருக்கிறார். செம்பு நிறத்தில் புடைத்த இலை, பச்சை நரம்பு. ஆக, இங்கே கூரைக்கடியில் விசிறியும் ஏசியும் இல்லாமல் வளர்ந்த செடி கப்பலேறி அங்கே போயிருக்கிறது. அங்கே குளிரில் அதைக் காப்பாற்றப் பட்ட பாடு, அறிவுரையாகி, என் கைப்பேசி வழியாக ஈசூனுக்குத் திரும்பி வந்து, என் செடியைக் கொன்றிருக்கிறது. யாரைக் குற்றம் சொல்வது?

மூன்றாவது இலை மட்டும் தேறியது. பெகோனியாவில் இது ஒரு வசதி, இலையிலிருந்தே செடி எடுக்கலாம். காம்பு சேரும் இடத்திலிருந்து நரம்பு ஒவ்வொன்றும் ஒரு துண்டில் வரும்படி, தோசையை முக்கோணமாக வெட்டுவதுபோல ஐந்து துண்டுகளாக வெட்டினேன். பழைய பிளேடைச் சாராயம் கலந்த துடைப்பானால் துடைத்துக்கொண்டேன். பிழிந்தால் சொட்டாத அளவு ஈரமான ஸ்பாக்னம் பாசியில், கூர்முனை கீழே இருக்கும்படி செருகி, டப்பாவின் மூடியில் நாலு ஓட்டை போட்டு, அறையில் சூடில்லாத மூலையில் வைத்தேன். ஒரு மாதத்தில் வேர். மூன்றாம் மாதம் துண்டின் அடியில் மிளகு அளவில் குட்டி இலைகள். ஒன்று அழுகியது, நாலு பிழைத்தன.

இங்கேதான் அம்மாவின் வாராந்தரக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. இலைத் துண்டிலிருந்து வரும் செடி குழந்தையாகத்தான் ஆரம்பிக்கும். ஃபெராக்ஸின் இளம் இலைகள் தட்டையாக, சாதாரணமாக இருக்கும். செடி முதிர்ந்த பிறகு வரும் இலைகளில்தான் கூம்புகள் எழும்பும். நான் ஒவ்வொரு முறை தப்புச் செய்து, செடி நலிந்து, முதலிலிருந்து தொடங்கும்போதும் பாகற்காய் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போனது.

அடுத்த தப்பு கூழாங்கல் தட்டு. பெட்டி வேண்டாம் என்று தொட்டிகளைச் சமையலறை ஜன்னலோரம் திறந்தபடி வைத்து, அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் விட்டேன். இந்த ஊரில் பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் விடுகிறவன் ஒரு மாதிரி சமூக விரோதி. ஏடிஸ் கொசு முட்டையிட 20 காசு நாணயம் அளவு தண்ணீர் போதும் என்று சுவரெல்லாம் எழுதிப் போட்டிருக்கிறார்கள். அந்த மாதம் எங்கள் வட்டாரத்தில் டெங்கிக்காகச் சிவப்புப் பதாகை தொங்கியது. கொசுச் சோதனைக்கு வந்த அதிகாரி காலணியைக் கழற்றிவிட்டு நேராக ஜன்னலுக்குப் போனார். கல்லை ஒவ்வொன்றாக எடுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். புழு இல்லை. “ஐயா, இது எதுக்கு?” என்றார். ஈரப்பதத்துக்கு என்றேன். அவர் என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் போன பிறகு அம்மா சிரித்த சிரிப்பை நான் எழுதப் போவதில்லை.

காரிடாரிலும் சில மாதம் வைத்துப் பார்த்தேன். பதினோராம் மாடிக் காற்றில் இலை ஓரங்கள் அப்பளமாகிவிட்டன. வடகிழக்குப் பருவமழை சாய்வாக அடித்து இலையை நனைத்தது. மயிர் உள்ள இலையில் நின்ற தண்ணீர் பழுப்புப் புள்ளியானது. மாவுப்பூச்சி வந்தது. அதையெல்லாம் விரிவாகச் சொல்ல எனக்கே அலுப்பாக இருக்கிறது.

வழி கிடைத்தது குளிர்பதனப் பெட்டியைத் திறந்தபோது. ஓர் இரவு தண்ணீர் எடுக்கப் போனேன். மேல்தட்டில் திறந்த தட்டில் கிடந்த அரைக்கட்டுக் கொத்தமல்லி காய்ந்து கயிறாகியிருந்தது. கீழே அம்மா மூடிய டப்பாவில் வைத்திருந்த கொத்தமல்லி, ஒரு வாரமானது, அன்று பறித்ததுபோல இருந்தது. டப்பாவுக்குள் ஒரு டிஷ்யூவை மடித்துப் போட்டிருந்தார். மிஞ்சிய ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே பெட்டி, ஒரே குளிர்.

என் தொழிலே இதுதான் என்பதால் நின்ற இடத்திலேயே விளங்கியது. ஏசி அறையைக் காய வைப்பது எப்படி? அறைக் காற்று உள்ளே இருக்கும் குளிர்ந்த சுருளில் படும்போது, காற்றிலிருக்கும் ஈரம் அதில் வியர்த்து, வடிகுழாய் வழியாக வெளியே போகிறது. எங்கள் படுக்கையறைக் குழாயை ஒருமுறை வாளியில் விட்டு அளந்திருக்கிறேன், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை நாலு லிட்டர். அறையின் ஈரப்பதம் ஐம்பத்தைந்தில் வந்து நிற்கும். ஃபெராக்ஸை அந்தக் காற்றில் நேராக வைத்தால் தாங்காது. ஆனால் சுருளைத் தொட்டுவரும் காற்று செடியைத் தொடாமல், அதன் குளிர்ச்சி மட்டும் செடிக்குப் போனால்? கண்ணாடி சூட்டைக் கடத்தும், ஈரத்தைக் கடத்தாது. செடிக்காரர்கள் எல்லாரும் ஏசியை எமன் என்கிறார்கள். டப்பா கொத்தமல்லிக்கு அது எமனாக இல்லையே.

பக்கத்து வீட்டு மலாய்க்காரர் வீடு மாறும்போது இரண்டடி மீன்தொட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதைப் படுக்கையறையில், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் வைத்தேன். மேலே அக்ரிலிக் தகடு, இரண்டு விரல் இடைவெளி விட்டு. விளக்கைத் தகட்டில் ஒட்டாமல் ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டேன், அதன் சூடு அறைக்குப் போகும், தொட்டிக்குள் போகாது. உள்ளே யுஎஸ்பியில் ஓடும் ஒரு சின்ன விசிறி, செடியைப் பார்க்காமல் கண்ணாடிச் சுவரைப் பார்த்தபடி. இலை ஆடக்கூடாது, காற்று மட்டும் சுற்றிவர வேண்டும். மீட்டர் 78க்கும் 85க்கும் நடுவில் தன்னால் நின்றது. தட்டு இல்லை, தெளிப்பான் இல்லை.

மிச்சமிருந்தது விளக்கு நேரம். பகலில் ஏசி ஓடாது, அறை 30 டிகிரி. அந்தச் சூட்டில் விளக்கையும் போட்டால் பழைய கதைதான். அதனால் செடிக்கு இரவைப் பகலாக்கினேன். ஏசி போடும் பத்து மணிக்கு விளக்கு எரியும், காலை எட்டுக்கு அணையும். இருட்டில் சூடு, வெளிச்சத்தில் குளிர். காட்டில் நடப்பதற்கு நேர்மாறு. ஆனால் எரியும் நேரத்தில் உள்ளே 27 டிகிரியைத் தாண்டவே இல்லை.

“என்னங்க, ஆபரேஷன் தியேட்டர்ல படுத்திருக்கற மாதிரி இருக்கு” என்றார் என் மனைவி, முதல் இரவே. மறுநாள் அவரே தன் பழைய கருநீலப் பாலியெஸ்டர் சேலை ஒன்றை எடுத்து, கட்டில் பக்கம் திரையாகக் கட்டினார். இப்போது விடியற்காலையில் விழிப்பு வந்தால் திரையின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். தேசிய சேவையிலிருந்து வார இறுதிக்கு வரும் மகன், “ப்பா, உள்ள என்ன வளக்குறீங்க, போலீஸ் வந்துடப் போறாங்க” என்கிறான்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. “முப்பது வருஷம் எனக்கு ஃபேன் போதும்னு படுத்தேன். செடிக்கு ஏசியாம்.” ஏசி எங்களுக்காகத்தான் ஓடுகிறது, செடி ஓசியில் குளிர்கிறது என்றேன். கணக்குப்படி அது சரி. அம்மாவிடம் கணக்கு எடுபடுவதில்லை.

மண் கலவையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஓர் உயிர் போயிருக்கிறது. ஃபெராக்ஸ் வளர்வது பாறை இடுக்கில், அங்கே மண் ஆழமில்லை. எனக்குப் பாதிக்கு மேல் பியூமிஸ் கல்லும் பெர்லைட்டும், மீதி பொடித்த மரப்பட்டையும் கொஞ்சம் கரித்தூளும். தண்ணீர் ஊற்றியதும் அடியில் ஓடி வந்துவிட வேண்டும். சுண்ணாம்புப் பாறைச் செடி என்பதால் பொடித்த சிப்பி ஓடு ஒரு சிட்டிகை. இதை நான் யாரிடமோ தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்ததை அம்மா கேட்டிருக்கிறார். சுண்ணாம்பு அவர் வெற்றிலைப் பெட்டியில் எப்போதும் இருப்பது. நான் வேலைக்குப் போன நேரத்தில் ஒரு தொட்டியில் விரல் நுனி அளவு கரைத்து விட்டார். சிப்பியும் பாறையும் கார்பனேட், அது மெல்லத்தான் கரையும். வெற்றிலைக்குத் தடவுவது சுட்டு நீற்றியது, காரம் கொளுத்தும். வாயே வெந்துபோகும் என்று சின்ன வயதில் எனக்குச் சொன்னவர் அவர்தான். அந்தச் செடி நாலு நாளில் வேர் கருகிச் செத்தது. விஷயம் தெரிந்த அன்று நான் ஒன்றும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. இரண்டு வாரம் பாகற்காய் எங்கே என்ற கேள்வி வரவில்லை. மிச்சம் மூன்று.

தண்ணீர் எப்போது ஊற்றுவது என்பதற்கு என்னிடம் ஒரு கருவி இருந்தது. ஆர்-410ஏ வாயுவை ஏசியில் ஏற்றும்போது எடை பார்த்துத்தான் ஏற்ற வேண்டும், அதற்கான தராசு வேனில் எப்போதும் கிடக்கும். தொட்டியை முழுக்க நனைத்து, வடிந்த பிறகு ஒரு எடை. இலை லேசாகத் துவளும் நேரத்தில் ஒரு எடை. இரண்டுக்கும் நடுவில் மூன்றில் இரண்டு பங்கு இறங்கியதும் தண்ணீர், அதுவும் ஓரத்தில் மெல்ல, இலையில் படாமல். ஏசிக்குப் பக்கத்தில் இருப்பதால் ஏசி வடிநீரை ஊற்றலாமே என்று சிலர் கேட்டார்கள். நான் ஊற்றுவதில்லை. அந்தச் சுருளில் என்ன படிந்திருக்கிறது என்று தினமும் கையால் வழித்துப் பார்க்கிறவன் நான். உரம் நீரில் கரைவது, போத்தலில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கு, மாதம் இருமுறை.

அம்மா தராசைப் பார்த்துவிட்டுத் தொட்டியைக் கையில் தூக்கி, “இன்னைக்கு வேணாம், நாளைக்கு ஊத்து” என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஒருமுறை தப்பாக இருந்தது. அந்த ஒருமுறையை நான் மறக்கவில்லை.

இந்த வருடம் தைப்பூசம் முடிந்த வாரம், மூன்றில் பெரிய செடியில் புது இலை ஒன்று விரிந்தது. பிறந்தபோது எப்போதும்போல் செம்பழுப்பு, தட்டை. பத்து நாளில் பச்சை ஏறியதும் மேல்புறத்தில் ஏதோ மாற்றம். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். குளிரில் கை மயிர் சிலிர்க்கும்போது தோல் எப்படி இருக்கும், அப்படி. நரம்புகளுக்கு நடுவில் புள்ளி புள்ளியாக மேலெழும்பியிருந்தது. அடுத்த இலை அதைவிடப் பெரிது. அதில் புள்ளிகள் மேடுகளாகி, மேடுகள் கறுத்து, மூன்றாம் வாரம் கூம்புகளாக நின்றன. ஒவ்வொரு கூம்புக்கும் அடியில், இலையின் பின்புறத்தில், அதே அளவு குழி. முன்பக்கம் கறுப்பு என்றால் பின்பக்கம் செந்நிறம். தொட்டால் குத்தாது. பார்க்கும்போது குத்தும்போல இருக்கும்.

அம்மாவைக் கூப்பிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, தகட்டை நகர்த்தச் சொல்லி, உள்ளே கையை விட்டு, சுட்டுவிரலால் மெல்லத் தடவினார். எதிர்பார்த்ததைச் சொல்லவில்லை.

“ஐயோ, தேரை முதுகு மாதிரி இருக்குடா” என்றார். பிறகு தினமும் பூஜை முடித்து வரும் வழியில் ஒருமுறை சேலைத் திரையை விலக்கி எட்டிப் பார்க்கிறார். பெயர் மட்டும் இன்னமும் பாகற்காய்தான்.

அந்த இலைக்குக் கீழே இருந்த பழைய தட்டை இலைகளை வெட்டித் துண்டு போட்டதில் இப்போது டப்பா டப்பாவாகக் குட்டிகள். மூன்றைப் பூச்செடிப் பிரியர்களான வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தேன். மற்றவற்றை விற்கப் போட்டேன், 20 வெள்ளி. போன வாரம் ஈசூன் எம்ஆர்டி வாசலில், அதே இடத்தில், தப்பாவ் டப்பாவோடு நின்றேன். வந்தவர் ஐம்பது வயதுச் சீனப் பெண்மணி, கையில் மார்க்கெட் பை. டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஈரப்பதம் எண்பது வேண்டுமாமே, தன்னிடம் கூழாங்கல் தட்டு தயாராக இருக்கிறது என்றார்.

எந்த மாடி என்று கேட்டேன். நாலு. ஜன்னல் எந்தப் பக்கம்? மேற்கு. ஏசி எந்த அறையில், எத்தனை மணிக்குப் போடுவீர்கள், எத்தனை டிகிரியில்? செடி விற்க வந்தவன் ஏன் இதையெல்லாம் கேட்கிறான் என்று ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனாலும் பதில் சொன்னார். படுக்கையறை, பதினொரு மணி, 25. அது இப்போது முன்போல் குளிர்வதில்லை, சர்வீஸ் செய்து இரண்டு வருடமாகிவிட்டது, தண்ணீரும் சொட்டுகிறது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். செடியை எங்கே வைத்திருக்கிறார் என்று அப்படியே ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம்.